தாராபுரத்து வாடிக்கையாளர்

ஜூன் 2, திங்கள்

பாவாயி அக்கா ஒத்துக்கொண்டார். வேலை எனக்குத்தான். ஆனால் அவர் போட்ட நிபந்தனைகளைப் பார்த்தால் எனக்கு வேலை கிடைத்ததா, நான் வேலைக்காரனாகச் சேர்ந்தேனா என்று தெரியவில்லை.

அக்காவுக்கு ஈரோடு கருங்கல்பாளையத்தில் நைட்டி தைக்கும் யூனிட் இருக்கிறது. மொத்த வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. இனிமேல் நேரடியாகவும் விற்க ஒரு சைட் வேண்டும் என்கிறார். போன வருஷமே ஒருவன் செய்து கொடுத்திருக்கிறான். அந்தப் புண்ணியவான் சைட்டின் முகவரியைத் தன் பேரில் பதிந்து வைத்துக்கொண்டு காணாமல் போய்விட்டான். அது தெரியாமல் அக்கா தன் நாத்தனார் மகள் கல்யாணத்தில் வந்தவர்களுக்கெல்லாம் விசிட்டிங் கார்டு கொடுத்திருக்கிறார். திறந்து பார்த்தவர்களை நைட்டிக்குப் பதில் ரம்மி ஆடக் கூப்பிட்டிருக்கிறது.

"பந்தில உக்காந்திருந்த பெருசுக நாலு பேரு அங்கயே ஆடித் தோத்துட்டாங்க தம்பி. இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசறதில்ல" என்றார். வாங்கியவர்களின் போன் நம்பர்களும் போட்டிக் கடைக்குப் போய்விட்டனவாம்.

"உங்களைச் சந்தேகப்படறேன்னு நெனைச்சுக்காதீங்க. நான் எல்லாரையுந்தான் சந்தேகப்படறேன்."

ஆகவே, சைட்டை யூனிட்டில் அவர் கண் முன்னால் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். முகவரி அவர் பேரில். வாங்குகிறவர்களின் பேர், விலாசம் இருக்கும் பக்கத்தை அவர் மட்டும்தான் திறப்பார். நான் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

சுகந்தியிடம் சொன்னேன். என் மனைவிக்கு அதிகம் பேசும் பழக்கம் கிடையாது. "இதாவது நிக்குமா?" என்று மட்டும் கேட்டாள். கம்பெனி வேலையை விட்டுச் சொந்தமாகத் தொடங்கியதிலிருந்து வந்த மூன்று வாடிக்கையாளர்களும் ஓடிவிட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆடி முடிவதற்குள் தொழில் உருப்படாவிட்டால் சென்னைக்குத் திரும்பிப் பழைய மேனேஜர் முன் நிற்க வேண்டும் என்று எனக்கும் சுகந்திக்கும் ஒப்பந்தம். பாவாயி அக்கா வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால் போதும். ஈரோட்டிலும் சென்னிமலையிலும் ஜவுளிக்காரர்கள் அவர் சொன்னால் கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த வனவாசம்.

ஜூன் 5, வியாழன்

துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில் எனக்கு ஒரு ஸ்டூல். ஒரு பக்கம் சத்தம், ஒரு பக்கம் ஆவி. தைக்கிறவர்கள் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறார்கள். சாயங்காலம் அக்கா ஒவ்வொருவராகக் கணக்குக் கேட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"உங்களுது இன்னைக்கு எத்தன பீஸுங் தம்பி?"

"இதுல பீஸெல்லாம் கெடையாதுங்க்கா."

"அப்பறம் முடிஞ்சுதுன்னு எதை வெச்சுச் சொல்றது?"

"தொண்ணூறு சதவீதம் முடிஞ்சுதுங்க்கா" என்றேன்.

உண்மையில் பத்துகூட ஆகவில்லை. ஆனால் எங்கள் தொழிலில் யார் எப்போது கேட்டாலும் தொண்ணூறு என்பதுதான் மரியாதை. இது பொய்யில் சேராது.

ஜூன் 9, திங்கள்

இன்று முகப்புப் பக்கத்தைக் காட்டினேன். அக்கா பார்த்தார். "உள்பக்கத்தைக் காட்டுங்க" என்றார். நைட்டியை யாரும் வெளிப்பக்கம் பார்த்து வாங்குவதில்லையாம். திருப்பிப் போட்டுத் தையலைப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியுமாம்.

சரி என்று எழுதியிருந்த நிரலைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தார். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் அவருக்குப் புரிந்திருக்காது.

"இங்க மட்டும் ஏன் தம்பி இவ்வளவு நெருக்கமா இருக்குது?"

அது அவசரத்தில் வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய இடம். "டிசைன்ங்க்கா" என்றேன். "ஒட்டுப் போட்ட மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எரிச்சல். மத்தியானம் சாப்பிடாமல் அந்த இடத்தைப் பிரித்துத் திரும்ப எழுதினேன். அவர் சொன்னதற்காக இல்லை. எனக்கே தோன்றியது.

ஜூன் 14, சனி

ஒவ்வொரு நைட்டிக்கும் இரண்டு வரி எழுத வேண்டும். நான் அரக்குச் சிவப்பு நைட்டிக்கு, "மாலை வானத்தின் வண்ணம், மயிலிறகின் மென்மை" என்று எழுதியிருந்தேன். பெருமையாகத்தான் படித்துக் காட்டினேன்.

"மொதல் தண்ணில கொஞ்சம் சாயம் போகும், தனியாத் தொவைங்க. அதை எழுதலியா?"

"அதை எழுதினா யாருங்க்கா வாங்குவாங்க?"

"எழுதாம வித்தா ஒருக்கா வாங்குவா. அவ வீட்டு வெள்ளை வேட்டியெல்லாம் செவந்து போச்சுன்னா என்னைய ஏழு தலைமொறைக்குத் திட்டுவா. எழுதுங்க."

எழுதினேன். பூப்போட்ட மஞ்சளுக்கு, "பட்டன் சுமார்தான், தையலைப் பலப்படுத்திக்கொள்ளவும்." பெரிய சைஸ் ஒன்றுக்கு, "உயரமானவர்களுக்குக் கெண்டைக்கால் தெரியும்." இந்த லட்சணத்தில் கடை திறந்தால் ஈ கூட எட்டிப் பார்க்காது. பழைய மேனேஜரின் மூஞ்சி கண் முன்னால் வந்து போகிறது.

ஜூன் 21, சனி

இன்று உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். ஆர்டர் போடும் வழி சரியாக வேலை செய்கிறதா என்று நானே தினமும் போட்டுப் பார்ப்பது தலைவலி. அதனால் ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி நிரல் எழுதினேன். தினமும் விடிந்ததும் தானாகவே சைட்டுக்குள் போகும். கைக்குக் கிடைத்த ஒரு நைட்டி, கைக்குக் கிடைத்த ஒரு சைஸ், பார்சல் வந்ததும் பணம் தருகிறேன் என்று ஓர் ஆர்டர். ஆள் பேர், விலாசம், போன் நம்பர் எல்லாம் வேண்டுமே. மாமனாருடையதைப் போட்டுவிட்டேன். பின்கோடு வரை மனப்பாடமாகத் தெரிந்த விலாசம் எனக்கு அது ஒன்றுதான். இது சும்மா ஒத்திகைதான், யாருக்கும் எதுவும் போகாது.

நாலு கம்பெனியில் பத்துப் பேர் சேர்ந்து செய்கிற வேலையைத் தனி ஒருவனாகச் செய்திருக்கிறேன். பாராட்டத்தான் ஆள் இல்லை. சைட் திறக்கிற அன்று இதை நிறுத்திவிட வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

தொண்ணூறு சதவீதம்.

ஜூலை 4, வெள்ளி

திறந்தாயிற்று!

ஆடி பிறப்பதற்குள் நல்ல நாள் பார்த்து அக்கா குறித்துக் கொடுத்த நேரம். ஒத்திகைக்கு வைத்திருந்ததை அப்படியே முழுசாகத் தூக்கி நிஜ முகவரிக்கு மாற்றினேன். லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். யாரோ சாம்பிராணியை மிக அருகில் காட்டி எனக்கு இருமல். இஸ்திரி போடும் அண்ணன் மெஷினுக்கு வைப்பதுபோல லேப்டாப் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் பார்த்தார். தடுத்துவிட்டேன். எல்லோருக்கும் பொங்கல். வேலை நடுவில் எதையோ செய்ய நினைத்திருந்த மாதிரி ஒரு ஞாபகம். பொங்கலில் மறந்துவிட்டது.

சுகந்தி தாராபுரத்துக்குப் போன் போட்டுத் தன் அப்பா அம்மாவிடம் சைட் பேரைச் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். ஒட்டுக் கேட்டேன்.

ஜூலை 5, சனி

முதல் ஆர்டர் வந்துவிட்டது! விடிந்ததும் அக்காவே போன் பண்ணினார். "தம்பி, கண்ணைத் தொறக்கறேன், ஆர்டர் வந்து நிக்குது!" குரல் நடுங்கியது. எந்த ஊர் என்று கேட்டேன். ஊரை மட்டும் சொல்ல அனுமதி உண்டு. தாராபுரமாம்.

தாராபுரம் என் மாமனார் ஊர். நல்ல ரசனை உள்ள ஊர் என்று நான் எப்போதும் சொல்வதுண்டு.

ஜூலை 8, செவ்வாய்

தினமும் விடிந்தால் ஒரு ஆர்டர். தவறுவதே இல்லை. தேனியிலிருந்தும் ஒன்று வந்தது. அக்கா எனக்கு வெளியில் சொல்லி டீயும் வடையும் வாங்கித் தந்தார். தைக்கிற பெண்கள் என்னை "சைட்டுக்காரரே" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். பழைய மேனேஜர் இதையெல்லாம் பார்க்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

சுகந்தி சாப்பாடு போடும்போது, "அப்பா போன் பண்ணாரு. மாப்பிள்ளைக்குத் தொழில் எப்படிப் போகுதுன்னு கேட்டாரு" என்றாள்.

"அமோகமாப் போகுதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'செரி கண்ணு, அப்படியே இருக்கட்டும்'னு ரொம்ப வருத்தமாச் சொல்றாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. பொறாமை. என் மாமனார் சென்னியப்பன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயரானவர். அரசாங்க வேலை பார்த்தவர்களுக்குச் சொந்தத் தொழிலில் ஒருவன் முன்னுக்கு வந்தால் ஜீரணிக்காது.

ஜூலை 12, சனி

அத்தை என் நம்பருக்கே கூப்பிட்டார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"மாப்பிள்ளைங்களா? நல்லா இருக்கறீங்களா? ஒடம்பைப் பாத்துக்குங்க. எதுன்னாலும் மனசுல வெச்சுக்காதீங்க. நாங்க இருக்கறமுங். எத்தன வந்தாலும் மாமா வாங்கிக்குவாருங்."

"என்னது வந்தாலுங்க அத்தை?"

"கஷ்டந்தானுங்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். தத்துவம் பேசுகிறார்கள். வயதாகிறது. சாயங்காலம் பஸ்ஸில் ஒரு தூக்கு நிறைய முறுக்கு வேறு வந்தது. தின்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

அக்கா முகம் சரியில்லை. பேக்கிங் மேசையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், வெளிய விட்றாதீங்க. தாராபுரத்து ஆர்டரெல்லாம் ஒரே ஆளு."

"நல்லதுதானுங்க்கா. நம்ம சரக்கு மேல அவ்வளவு பிரியம்."

"ஒரே ஆம்பளை ஆளு. தினம் ஒண்ணு. ஒரு நாளைக்கு வாங்கின டிசைனை மறுநாள் வாங்கறதில்ல. சைஸும் மாத்தி மாத்தி. இன்னைக்குச் சின்னப் புள்ளை சைஸு, நாளைக்கு யானைக்குட்டி சைஸு. பணம் டாண்ணு குடுத்தர்றாரு. திருப்பி ஒண்ணு அனுப்புனதில்ல, ஒரு கொறை சொன்னதில்ல. இப்பிடி ஒரு வாடிக்கை ஒலகத்துல உண்டா?"

எனக்கும் யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் நான் யோசிப்பதற்கு முன்பே அக்கா முடிவுக்கு வந்துவிட்டார். பேட்டர்ன் திருடன். ஒவ்வொரு டிசைனிலும் ஒவ்வொரு சைஸிலும் ஒன்று வாங்கி, பிரித்துப் போட்டு, அளவெடுத்து, அதே மாதிரி வெட்டித் தைத்துப் பாதி விலைக்கு விடப் போகிறான்.

"அதே தானுங்க்கா!" என்றேன். என் தலையிலும் அப்போதுதான் பொறி தட்டியது. இந்த ஊர் ஜவுளி உலகத்தில் நடக்காத அக்கிரமமா?

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. தள்ளுபடி அறிவித்தோம். கரூரிலிருந்து ஒரு ஆர்டர். திருடன் வழக்கம்போல இன்றும் போட்டான். இவன் நெஞ்சழுத்தம் பார்த்து எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அக்கா ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்கிறார். "தொணைக்கு நீங்க வாங்க தம்பி. உங்க சைட்டு வழியாத்தான வந்தான். உங்களைய நம்பித்தான் நான் கெளம்பறேன்." நம்பி என்ற சொல்லை அக்கா இந்த யூனிட்டில் நூல் விஷயத்தில்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. வருகிறேன் என்றேன். சட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

சுகந்தியிடம் ஒரு வேலையாகத் தாராபுரம் போகிறேன் என்றேன். "வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்றாள். திருடனைப் பிடிக்கப் போகிற இடத்தில் மாமனார் வீட்டுக்கெல்லாம் நேரம் இருக்காது என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அக்காவின் காரில் போனோம். காங்கேயம் வரை அக்கா தான் என்ன பேசுவார், நான் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்தார். அவர் கேள்வி கேட்பார், நான் முறைக்க வேண்டும். தாராபுரம் வந்ததும் டிரைவர் போனில் வழி பார்த்துத் திருப்பினார். பஸ் ஸ்டாண்ட் தாண்டினோம். "இந்த ஏரியா எனக்கு நல்லாத் தெரியுமுங்க்கா" என்றேன். அடுத்த தெருவில் திரும்பினோம். "இங்க எங்க மாமனார் வீடுகூட..." என்று ஆரம்பித்தேன்.

கார் என் மாமனார் வீட்டு வாசலில் நின்றது.

அந்த நிமிஷம்தான் எனக்கு ஜூன் 21 ஞாபகம் வந்தது. ஸ்கிரிப்ட். கைக்குக் கிடைத்த நைட்டி, கைக்குக் கிடைத்த சைஸ். சைட்டோடு சேர்த்து அதையும் தூக்கி நிஜ முகவரிக்குக் கொண்டு போயிருக்கிறேன்.  "அக்கா, ஒரு நிமிஷம்" என்றேன். அக்கா அதற்குள் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டார்.

அத்தை வெளியே வந்தார். பூப்போட்ட மஞ்சள் நைட்டி. தோளில் இறங்கி, கையில் தொங்கி, தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. கழுத்துப் பட்டன் ஒன்று இல்லை. என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"வாங்க மாப்பிள! வாங்கம்மா, உள்ள வாங்க!"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். "மாப்பிளயா?"

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஏதோ சத்தம் வந்திருக்கும். மாமா உள்ளேயிருந்து சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே வந்தார். அவர் என் எதிரில் வெறும் பனியனோடு நின்றதே கிடையாது. எங்களை உட்கார வைத்தார். உள் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில்மேல் பாவாயி நைட்டீஸ் கவர்கள் பாதி பிரிக்காமலே அடுக்கியிருந்தன. அக்கா அதைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தானுங் பாவாயி" என்றார் அக்கா. "தினம் ஒரு நைட்டி வாங்கறீங்களே, அது யாரு, என்னன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். எதுக்குங்கய்யா அத்தனை?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவர் மனசில் என்ன ஓடியது என்று எனக்கு அப்போது தெரியாது, பிறகு அத்தை சொன்னார். முதல் பார்சல் வந்தபோதே கடைப் பேரைப் பார்த்து இது மாப்பிள்ளை செய்த சைட் என்று தெரிந்துகொண்டார்கள். பாவம், ஆர்டர் வராததால் மாப்பிள்ளையே நம் பேரில் போட்டுக் கணக்குக் காட்டுகிறார் என்று முடிவு செய்திருக்கிறார்கள். மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? மகளிடம் சொன்னால் அவள் வருத்தப்படுவாள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் மாப்பிள்ளை மானம் போகும். ஆகவே தினமும் கூரியர் பையன் மணி அடித்ததும் மாமா பணத்தோடு போய் வாசலில் நின்றிருக்கிறார்.

இப்போது என் முதலாளியம்மாவே நேரில் வந்து கேட்கிறார் என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குத்தானுங்" என்றார்.

"எதுங்?"

"நைட்டி. எனக்கு நைட்டின்னா ரொம்ப இஷ்டமுங்."

அத்தை கையிலிருந்த தண்ணிச் சொம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

"ரிட்டயரானதுல இருந்து..." மாமா முகம் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. "வீட்டுல காத்தோட்டமா இருக்குமுங். உங்க துணி நல்ல துணிங்க. சைட்டும் நல்ல சைட்டுங்க. யாரு பண்ணாங்கன்னு தெரியாது, நல்லாப் பண்ணியிருக்கறாங்க."

தெருவில் வேட்டியை மடித்துக்கூடக் கட்டாத மனிதர். கௌரவமாகப் பேசி, கௌரவமாக நடந்து, ஆபீஸில் ஒரு சொல் கேட்காமல் ரிட்டயரானவர். முன்பின் தெரியாத அம்மாள் முன்னால் நைட்டிப் பைத்தியம் என்று பேர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் பேசவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதலாம். ஆனால் யோசிக்கவில்லை. அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அக்கா நம்பினாலும் நம்பிவிடுவார். சைட் தப்பிக்கும், நான் தப்பிப்பேன், நல்ல வார்த்தை கிடைக்கும். மாமா ஒருவர்தான் காலத்துக்கும் நைட்டிக்காரராக இருப்பார்.

மாமா மேல்துண்டால் நெற்றியைத் துடைத்தார்.  எனக்கு அவமானமாக இருந்தது. அவரை நினைத்து இல்லை, என்னை நினைத்து.

"அக்கா, அவரு ஆர்டர் போடலீங்" என்றேன். "இந்த வீட்ல யாருமே போடலீங். நான் எழுதி வெச்ச ஸ்கிரிப்ட்டு போட்டுதுங். சோதனைக்காக எழுதினது. சைட் தொறந்த அன்னைக்கு நிறுத்த மறந்துட்டேன்."

"மாப்பிள, நீங்க சும்மா இருங்க" என்றார் மாமா.

"இல்லீங் மாமா."

அக்கா உள் அறைக் கட்டிலைக் காட்டினார். "அப்ப தாராபுரத்து ஆர்டரு அத்தனையும்?"

"ஒண்ணுகூட ஆர்டர் இல்லீங்க்கா."

"தேனிக்காரம்மா?"

"அது நெசமுங்."

"கரூரு?"

"அதுவும் நெசம்."

"நெசமாலுமே நெசமா?"

"ஆமாங்க்கா. அந்த ரெண்டுதானுங் நெசம்."

"மறந்துட்டேங்கறீங்களே, அது நெசமா?"

"நெசமுங். ஆனா இப்ப மாமா சொன்னதும், அதையே புடிச்சு ஒப்பேத்திரலாம்னு நெனச்சேன். அதுவும் நெசமுங்."

 அத்தை சொம்பைக் கீழே வைத்தார். "எனக்கு முன்னாலயே ஒரு சந்தேகமுங். இத்தனைல ஒண்ணுகூட எனக்குச் சேரலையே, மாப்பிளக்கு என் அளவு தெரியலைன்னாலும் சுகந்தியவாவது கேட்டிருப்பாரேன்னு."

அக்கா எழுந்தார். அத்தையைப் பக்கவாட்டில் நிற்க வைத்து, தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்துப் பார்த்தார். "சேராத சரக்கை வெச்சுக்கிட்டு ஒரு போன் பண்ணலியே, இதென்ன பழக்கம்?" என்று மாமாவைத் திட்டினார். கட்டிலில் இருந்ததையெல்லாம் காரில் ஏற்றச் சொன்னார். மாமா வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே போனார். அத்தனைக்கும் பணத்தை அவர் சட்டைப் பையில் திணித்துவிட்டுத்தான் அக்கா சாப்பிடக் கை கழுவினார். சாப்பிட்டோம். நான் மூன்று தடவை ரசம் ஊற்றிக்கொண்டேன். நிமிர்ந்து பார்க்காமல் இருக்க அது உதவியது.

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் அந்த ஸ்கிரிப்ட்டை அழித்தேன். சுகந்திக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. திட்டுவாள் என்று பார்த்தேன். தட்டு வைத்தாள். "அப்பா போன்ல சொல்லிச் சிரிச்சாரு. நான் அவரு சிரிச்சுக் கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றாள்.

ஜூலை 21, திங்கள்

விடிந்தது. தாராபுரத்து ஆர்டர் இல்லை.

யூனிட்டுக்குப் போகவில்லை. போன் பண்ணினேன், அக்கா எடுக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஆர்டர் இல்லை. அக்கா எடுக்கவில்லை. பழைய மேனேஜருக்கு மெயில் எழுத ஆரம்பித்தேன். "தங்கள் நலமறிய ஆவல்" வரை வந்தது.

ஜூலை 24, வியாழன்

மெயில் எழுதி முடித்தேன். சுகந்தி படித்துப் பார்த்தாள்.  அனுப்பு என்று மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

காலையில் அக்கா போன். "வந்துட்டுப் போங்க." வேறு எதுவும் இல்லை.

கணக்கு முடித்து அனுப்பத்தான் கூப்பிடுகிறார் என்று தெரியும். இருந்தாலும் முகம் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். யூனிட்டில் எல்லோரும் ஒரு கணம் மெஷினை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பத் தைத்தார்கள். அக்கா பேக்கிங் மேசையில் போன் பேசிக்கொண்டிருந்தார். உட்காருங்க என்று கையைக் காட்டினார். சென்னிமலையில் போர்வை வியாபாரம் செய்கிற அவர் சித்தப்பா மகன் பழனிவேல்தான் அந்தப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பழனிவேலின் குரல் யூனிட் முழுவதும் கேட்டது.

"அக்கா, அந்தச் சைட்டுக்காரப் பையன் எப்படி? நானும் ஒண்ணு போடலாம்னு இருக்கறேன். உனக்கு யாவாரம் ஆகுதா?"

"யாவாரமா?" என்றார் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டே. "இது வரைக்கும் நாலு ஆர்டரு. தேனி, கரூரு போக, சேலத்துல ஒண்ணு, நேத்து திண்டுக்கல்ல ஒண்ணு. மத்ததெல்லாம் இந்தப் பையனோட மறதி போட்டது."

"அப்பறம் எதுக்கு அவனைப் போய்?"

"கேளுடா. வராத ஆர்டரை வந்துச்சுன்னு காட்டறவன் இந்த ஊர்ல தெருவுக்கு நாலு பேரு இருக்கறான். இவன் சொந்த மாமனார் வூட்ல, மாமனார் வாயால பொய் சொல்லிக் காப்பாத்தறாரு, அப்பவும் எந்திரிச்சு, 'இல்லீங்க்கா, ஒண்ணுகூட ஆர்டர் இல்லீங்க்கா'ன்னு எம்மூஞ்சிக்கு நேரா சொன்னான். போட்ட சைட்டு ஓடலைன்னு போட்டவனே சொல்லி நீ எங்கயாச்சும் கேட்டிருக்கறயா?"

"இல்ல."

"அப்பச் சேத்துக்க."

போனை வைத்தார். இதைவிட மோசமான சிபாரிசை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. ஓவர்லாக் மெஷினுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில், அத்தனை பேர் பார்க்க, எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். இஸ்திரி அண்ணன் ஒரு வேஸ்ட் துணியை நீட்டினார்.

"நாலு நாளாப் போன் எடுக்கலையேங்க்கா" என்றேன்.

"கோபம் தீரட்டும்னு இருந்தேன். கோபத்தோட பேசினா ரெண்டு வார்த்தை சேத்துப் பேசிருவேன்" என்றார். "தீந்துருச்சு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு பழனிவேல் கடைக்குப் போயிருங்க."

சரிங்க்கா என்றேன். மெயிலை அனுப்பவில்லை. சென்னிமலைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று சுகந்தி விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.